மேற்குச் சுவரும் கரண்ட் பில்லும்: பசுமைக் கட்டடத்தை பில்டர்கள் எப்படிக் கட்டுகிறார்கள்?

பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஒரே திட்டத்தில் இரண்டு ஃபிளாட் பார்த்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்று ஒன்பதாம் மாடியில் மேற்கு மூலை. ஹாலில் தரையிலிருந்து சீலிங் வரை கண்ணாடி, எட்டிப் பார்த்தால் ஏரி தெரிகிறது. மற்றது நான்காம் மாடியில், வடக்கும் தெற்கும் திறந்த வீடு. பார்க்க எதிர் பிளாக்தான். விலை ஏறத்தாழ ஒன்று. பில்டர் இதைப் 'பசுமைக் கட்டடம்' என்கிறார். சோலார், எல்இடி, மழைநீர் சேகரிப்பு, கழிவுநீர் சுத்திகரிப்பு எல்லாம் உண்டு என்று பிரசுரத்தில் போட்டிருக்கிறார். மின்சாரத்தை மிச்சப்படுத்தவும் சுற்றுச்சூழலைக் காக்கவும் ஒரு பில்டர் உண்மையில் என்ன செய்கிறார், அதில் எது பலன் தரும், இந்த இரண்டில் எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டடங்களுக்கு மின்சாரம், தண்ணீர், ஏ.சி. அமைப்புகளை வடிவமைப்பது என் தொழில். சென்னையிலும் புறநகரிலும் அடுக்குமாடிகள், ஐ.டி. வளாகங்கள் இரண்டுக்கும் வேலை பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். பிரசுரத்தில் இருக்கும் நான்கும் கட்டட வேலையில் கடைசியாக வருபவை. உங்கள் வீடு எவ்வளவு மின்சாரம் தின்னும் என்பது அவற்றுக்கு ஒரு வருடம் முன்பே, வரைபடக் காகிதத்திலேயே முடிவாகிவிடுகிறது. அந்த முடிவுகளை எந்தப் பிரசுரத்திலும் பார்க்க முடியாது.

முதலில் வெயிலிலிருந்து தொடங்குவோம். சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் மத்தியானச் சூரியன் நம் உச்சந்தலைக்கு மேல் வருகிறது. அதன்பின் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை அது நமக்கு வடக்கே நிற்கிறது. கத்திரி வெயில் முழுக்க இந்தக் காலத்துக்குள்தான் வருகிறது. உச்சி வெயில் செங்குத்தாக விழுவதால், வடக்குச் சுவருக்கும் தெற்குச் சுவருக்கும் ஒரு சாதாரண சன்ஷேடு போதும். கிழக்கும் மேற்கும் அப்படி இல்லை. மே மாதம் மாலை 4 மணிக்குச் சூரியன் தொடுவானத்திலிருந்து ஏறக்குறைய 34 டிகிரி உயரத்தில் இருக்கும். அந்தக் கோணத்தில் 2 அடி நீட்டிய சன்ஷேடு, சன்னலில் ஒன்றேகால் அடி அளவுக்குத்தான் நிழல் தரும். 5 மணிக்கு அது முக்கால் அடிக்கும் குறைந்துவிடும். 4 அடி உயர சன்னலானால் மிச்சம் அத்தனையும் வெயில். கிழக்கு வெயிலாவது காலையோடு போய்விடும். மேற்கு வெயில், ஏற்கெனவே நாள் முழுக்கச் சூடேறிய கட்டடத்தின் மேல், நீங்கள் வேலை முடித்து வீடு திரும்பும் நேரத்தில் வந்து சேருகிறது.

ஆகவே மின்சாரத்தை மிச்சப்படுத்த ஒரு பில்டர் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியத்துக்குப் பணமே செலவாகாது. கட்டடத்தின் நீள முகங்களை வடக்கும் தெற்கும் பார்க்க வைத்து, குறுகிய பக்கத்தை மேற்கே திருப்புவதுதான் அது. மனை அதற்கு இடம் கொடுக்காவிட்டால் லிஃப்ட், படிக்கட்டு, குளியலறை, ஸ்டோர் ரூம் இவற்றை மேற்குப் பக்கம் அடுக்கலாம். படுக்கையறைக்கும் வெயிலுக்கும் நடுவே அவை காவலாக நிற்கும். நல்ல ஆர்க்கிடெக்டுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் மனையில் எத்தனை வீடு திணிக்கலாம் என்ற கணக்கு முதலில் போடப்படுகிறது, வாஸ்துப்படி வாசல் எந்தப் பக்கம் என்பது அடுத்து வருகிறது, வெயில் மூன்றாவதாகத்தான் வருகிறது. திசையை வைத்து வாசலைத் தேர்ந்தெடுக்கும் நாம், அதே அக்கறையோடு சன்னலின் திசையைக் கேட்டால் பில்டர்களின் வரிசையும் மாறும் என்பது என் நம்பிக்கை.

அடுத்தது சுவர். இதில்தான் கடந்த சில ஆண்டுகளில் சென்னையில் பெரிய மாற்றம் நடந்திருக்கிறது, அதைப் பற்றி வெளியே யாரும் அதிகம் பேசுவதில்லை. முன்பெல்லாம் தூண், பீம் போட்டு இடையில் 9 அங்குலச் செங்கல் சுவர் கட்டினார்கள். பிறகு ஏஏசி பிளாக் வந்தது. உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்த இலேசான கல் அது. வெப்பத்தை மெதுவாகக் கடத்தும். இப்போது பெரிய திட்டங்களில் பலவும் 'மிவான்' முறைக்குப் போய்விட்டன. அலுமினியப் பலகைகளை நிறுத்தி, சுவரையும் தளத்தையும் ஒரே வார்ப்பில் கான்கிரீட்டாக ஊற்றிவிடுவார்கள். வாரம் பத்து நாளில் ஒரு தளம் ஏறிவிடும். பூச்சு வேலை குறைவு, கொத்தனார் கூலி குறைவு, சுவர் மெலிவதால் கார்ப்பெட் ஏரியாவும் கொஞ்சம் கூடும். வீடு வாங்குபவர்களைக் காக்கும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெரா வந்தபின் தேதி தவறினால் பதில் சொல்ல வேண்டியிருப்பதால், இந்த வேகம் பில்டருக்குத் தேவையாகவும் இருக்கிறது.

வெப்பக் கணக்கில் அதற்கு என்ன விலை என்று பாருங்கள். சுவருக்கு இரு பக்கமும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்பதை யூ-மதிப்பு என்போம். எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. 8 அங்குல ஏஏசி சுவருக்கு அது சுமார் 0.8. 9 அங்குலச் செங்கலுக்கு 2-ஐ ஒட்டி வரும். 6 அங்குலக் கான்கிரீட் சுவருக்கு மூன்றரைக்கும் மேல். அதாவது ஏஏசி சுவரைவிட நான்கு மடங்குக்கு மேல் வெப்பம் உள்ளே வருகிறது. கான்கிரீட் கனமான பொருள் என்பதால் பகலில் வாங்கிய சூட்டைப் பிடித்து வைத்திருந்து இரவில் விடும். இப்படி ஒரு வீட்டின் மேற்குப் படுக்கையறையில் ஏப்ரல் மாதம் இரவு 9 மணிக்குச் சுவரில் கை வைத்துப் பார்த்திருக்கிறேன். சாப்பிட்ட பிறகும் ஆறாத சாப்பாட்டுக் கேரியர்போல இளஞ்சூடாக இருந்தது. அந்த வீட்டில் ஐந்து நட்சத்திர ஏ.சி. இருந்தது, பாவம், அது அறைக்காற்றைக் குளிர்விப்பதற்கு முன் சுவரோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தது.

மிவான் கூடாது என்று சொல்ல வரவில்லை. கட்டடம் உறுதியாக இருக்கிறது, நீர்க்கசிவு குறைகிறது, பொருள் வீணாவதும் குறைவு. பொறுப்பான பில்டர்கள் உள்சுவர்களைக் கான்கிரீட்டில் ஊற்றிவிட்டு, வெயில் படும் வெளிச்சுவர்களை மட்டும் ஏஏசி பிளாக்கில் கட்டுவதுண்டு. வெளிப்புறம் காப்புப் பலகை ஒட்டிப் பூசுவதும் ஒரு வழி. அதுவும் முடியாதென்றால் வெளிர் நிற பெயின்ட்டாவது அடிக்க வேண்டும். மேற்கு முகத்தில் அடர் சாம்பல், காப்பிக் கொட்டை நிறம் அடித்த புதிய கட்டடங்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. ஒரு ரூபாய் கூடச் செலவில்லாமல் தவிர்த்திருக்கக்கூடிய சூடு அது.

கண்ணாடிக்கு வருவோம். சாதாரண ஒற்றைக் கண்ணாடி, தன் மேல் படும் சூரிய வெப்பத்தில் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விட்டுவிடும். நல்ல பூச்சுள்ள கண்ணாடியில் இது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறையும், விலை கூடும். திரை போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். திரை வரை வந்த வெயில் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது. வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்த வேண்டும்: ஆழமான பால்கனி, செங்குத்து பட்டைகள், துளைகள் விட்டுக் கட்டிய ஜாலி சுவர், நகர்த்தும் வெளிக்கதவு, குறைந்தபட்சம் மூங்கில் தட்டி. இவை எல்லாமே ஆரம்ப வரைபடத்தில் இருக்கும். செலவைச் சுருக்கும் கூட்டம் ஒன்று நடக்கும் பாருங்கள், அதில் முதலில் வெட்டுப்படுவதும் இவைதான். ஒரு திட்டத்தில் மேற்குப் பக்கச் செங்குத்து பட்டைகள் முழுவதையும் நீக்கிவிட்டு, மிச்சமான பணத்தில் நுழைவாயிலில் செயற்கை அருவி வைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். வாங்குபவர் பார்ப்பது அருவியைத்தான் என்று விற்பனைப் பிரிவினர் சொன்னதற்கு, எங்களிடம் பதில் இல்லை.

காற்றும் சன்னலோடு சேர்ந்ததுதான். இரண்டு தட யுபிவிசி ஸ்லைடிங் சன்னலில் எப்போதும் பாதிதான் திறக்கும்; கதவுபோலத் திறக்கும் சன்னலில் ஏறக்குறைய முழுவதும் திறக்கும். சென்னையில் மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வந்து மண்டையைக் குளிர வைப்பது ஊரறிந்த விஷயம். ஆனால் காற்று ஒரு சன்னல் வழியே வந்து எதிர்ச் சன்னல் வழியே வெளியேற வழி இருந்தால்தான் அது வீட்டுக்குள் வரும். நடுவில் காரிடார் வைத்து இரு பக்கமும் வீடு அடுக்கும் திட்டங்களில், பெரும்பாலான வீடுகளுக்கு ஒரே பக்கம்தான் சன்னல். அங்கே ஏப்ரல், மே மட்டுமல்ல, மார்ச் தொடங்கி அக்டோபர் வரை ஏ.சி. ஓடும்.

இதற்கெல்லாம் விதி இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம், 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்ற பெயரில் குடியிருப்புக் கட்டடங்களுக்கான விதித்தொகுப்பை 2018 டிசம்பரில் வெளியிட்டது. கூரை தவிர்த்த வெளிச்சுவர், சன்னல் வழியாக உள்ளே வரும் வெப்பம் சதுர மீட்டருக்கு சராசரியாக 15 வாட்டைத் தாண்டக்கூடாது; இந்த அளவைத்தான் ஆர்இடிவி என்கிறோம். கூரையின் யூ-மதிப்பு 1.2-க்கு மேல் போகக்கூடாது. சென்னைபோல வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த ஊர்களில் திறக்கக்கூடிய சன்னல் பரப்பு, தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். வணிகக் கட்டடங்களுக்கான விதித்தொகுப்பு இதற்கு முன்பே, 2007-இல் வந்து 2017-இல் திருத்தப்பட்டது. 2022-இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தைத் திருத்தி, பெரிய குடியிருப்புக் கட்டடங்களையும் இதற்குள் கொண்டுவர வழி செய்தார்கள். ஆனால் இந்த விதித்தொகுப்பு உங்கள் வீட்டுச் சுவரில் இறங்க வேண்டுமென்றால் மாநிலக் கட்டட விதிகளிலும் அனுமதி கொடுக்கும் மேசையிலும் அது இறங்க வேண்டும். அதுவரை, வாங்குபவர் கேட்டால்தான் உண்டு. 'இந்த பிளாக்குக்கு ஆர்இடிவி கணக்கு போட்டிருக்கிறீர்களா, எவ்வளவு வந்தது?' என்று விற்பனை அலுவலரிடம் ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பாருங்கள். அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், அவர்களுடைய என்ஜினியருக்குத் தெரியும். வரும் பதிலே பாதி உண்மையைச் சொல்லிவிடும்.

பில்டர்களில் பலர் நல்லவர்கள், விவரம் தெரிந்தவர்கள். பிறகு ஏன் இப்படி? சுவரைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், கரண்ட் பில் கட்டுபவர் இன்னொருவர். ஏஏசி சுவருக்கும் வெளி நிழலுக்கும் ஆகும் கூடுதல் செலவு பில்டருடையது. அதன் பலன் 20, 30 வருடத்துக்கு உங்களுடையது. சாவி கொடுத்தவுடன் அவர் கணக்கு முடிந்துவிடுகிறது. இதே பில்டர் ஐ.டி. வளாகம் கட்டும்போது வேறு ஆளாக மாறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே கட்டடம் அவர் கையிலேயே இருக்கும், வாடகைக்கு விடுவார். வரும் பன்னாட்டு நிறுவனம் பசுமைச் சான்று கேட்கும், மின்செலவை மாதாமாதம் பார்க்கும். உடனே நல்ல கண்ணாடி, தண்ணீரில் குளிரும் சில்லர் (கட்டடம் முழுவதற்குமான பெரிய குளிரூட்டும் இயந்திரம்), தேவைக்கேற்ப வேகம் மாறும் பம்ப், கார் நிறுத்துமிடத்தில் புகையளவைப் பார்த்து ஓடும் மின்விசிறி எல்லாம் வந்துவிடும். தென் மாவட்டக் காற்றாலை மின்சாரத்தை நேரடியாக வாங்கும் வளாகங்களும் உண்டு. பெங்களூரின் எம்பசி குழுமம் தன் அலுவலக வளாகங்களுக்காகவே கர்நாடகத்தில் 100 மெகாவாட் சூரிய மின் நிலையம் வைத்திருக்கிறது. கைக்கு வரும் லாபம் கண்ணுக்குத் தெரிந்தால் இத்தனையும் முடிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தியாவின் பசுமைக் கட்டட இயக்கத்துக்கு முதல் அடையாளம் ஐதராபாத்தில் உள்ள சிஐஐ-சோராப்ஜி கோத்ரெஜ் மையம். 2003-இல் அமெரிக்காவுக்கு வெளியே லீட் என்ற அமெரிக்கப் பசுமைக் கட்டடச் சான்றின் உச்ச நிலையான பிளாட்டினம் பெற்ற முதல் கட்டடம் அது. உள்ளே போனால் விண்வெளி நிலையம்போல இருக்காது. நடுவில் முற்றம், சுற்றிலும் ஜாலி சுவர்கள், மேலே செடி வளர்த்த கூரை, ஏ.சி.க்குப் போகும் காற்றை முன்கூட்டியே குளிர்விக்கும் காற்றுக் கோபுரங்கள். நம் பாட்டன் வீட்டில் இருந்த முற்றத்தையும் சாளரத்தையும் கணக்குப் போட்டு எடுத்துக் கொண்டு, அதன்மேல் நவீன இயந்திரத்தை வைத்தார்கள்.

கூரை உங்கள் இரண்டு வீட்டையும் தொடாது என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடைசி மாடிக்காரர்களுக்கு மட்டும் இது உயிர்ப் பிரச்சினை. மெட்ராஸில் பழைய வழக்கம் மொட்டை மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, மேலே தட்டோடு பதிப்பது. நீர் இறங்காமல் இருக்க அது மிக நல்லது, சூட்டையும் ஓரளவு தணிக்கும். ஆனால் 1.2 என்ற வரம்பை அது மட்டும் எட்டாது. அடியில் ஒரு அங்குல எக்ஸ்பிஎஸ் காப்புப் பலகை போட்டு, மேலே வெள்ளை ஓடு பதித்தால் எட்டிவிடும்.

சோலாரைப் பற்றி அதிகம் கேட்டிருந்தீர்கள். சென்னையில் 1 கிலோவாட் சோலார், நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். நிழல் விழாத 100 சதுர அடி இடம் வேண்டும். நீங்கள் பார்க்கும் பிளாக்போல 100 வீடுள்ள கட்டடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மொட்டை மாடியில் லிஃப்ட் அறை, தண்ணீர்த் தொட்டி, தீயணைப்புப் பாதை போக 4,000 சதுர அடி மிஞ்சியது என்றால் 40 கிலோவாட் வைக்கலாம், நாளுக்கு 160 யூனிட் கிடைக்கும். வீட்டுக்கு நாளொன்றுக்கு 8 யூனிட் என்றாலும் 100 வீட்டுக்கு 800. ஆக அடுக்குமாடியில் சோலார் என்பது லிஃப்டுக்கும் பம்புக்கும் காரிடார் விளக்குக்கும் உரியது, உங்கள் ஏ.சி.க்கு அல்ல. அதுவும் சின்ன விஷயமில்லை. 2022 கட்டண மாற்றத்தில் குடியிருப்புகளின் பொதுப் பயன்பாட்டுக்கென்று தனி வகை வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று நிர்ணயித்த பிறகு, அசோசியேஷன்களின் மெயின்டனன்ஸ் கணக்கே ஆட்டம் கண்டது. 2024-இல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில், குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. பில்டரிடம் கேட்க வேண்டியது எண்ணிக்கையை: எத்தனை கிலோவாட்? பல பிரசுரங்களில் 'சோலார் வசதி' என்பது வாசல் தோட்டத்து விளக்கு நான்கோடு முடிந்துவிடுகிறது.

பொதுப் பயன்பாட்டில் பணத்தைச் சத்தமில்லாமல் தின்பது விளக்கு அல்ல. எல்இடி வந்தபின் அது சிறிய தொகை. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் காற்றூதி இரவும் பகலும் ஓடுகிறது. தண்ணீர் பம்புகள் அடுத்தது. குழாயில் எப்போதும் அழுத்தம் வைத்திருக்கும் பம்ப் முறையைவிட, மேல்தொட்டியில் ஏற்றி ஈர்ப்பு விசையில் இறக்கும் பழைய முறையே மின்சாரத்துக்கு நல்லது. மேல் இரண்டு மாடிக்கு மட்டும் சின்ன பம்ப் வைத்தால் போதும்.

தண்ணீரில் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, லாரிக்காகக் குடத்தோடு நாம் காத்திருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஒரு ஆளுக்கு நாளுக்கு 135 லிட்டர் என்பது வடிவமைப்பில் நாங்கள் வைக்கும் அளவு. அதில் மூன்றில் ஒரு பங்கு, 45 லிட்டர், கழிப்பறையில் ஊற்றப்படுகிறது. 100 வீடு, 400 பேர் என்றால் நாளுக்கு 54,000 லிட்டர். அதில் கழிப்பறைக்கு மட்டும் 18,000. ஒரு பெரிய லாரியில் 12,000 லிட்டர் பிடிக்கும் என்று வைத்தால், தினமும் ஒன்றரை லாரி நல்ல தண்ணீரை ஃப்ளஷ்ஷில் விடுகிறோம். சுத்திகரித்த நீரைத் தனிக் குழாயில் ஃப்ளஷ்ஷுக்குக் கொண்டுபோகும் இரட்டைக் குழாய் முறை இதை மிச்சப்படுத்தும். கட்டும்போது வைத்தால் செலவு தாங்கும்; கட்டி முடித்த பிறகு டைல்ஸை உடைத்து வைப்பது நடக்காத காரியம். எனவே இது பில்டரால் மட்டுமே செய்ய முடிந்த வேலை.

இதில் ஒரு சிக்கல் திரும்பத் திரும்ப வருகிறது. 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டங்களுக்கு 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். அதில் சுத்திகரிப்பு நிலையம் ஒரு நிபந்தனை. ஆகவே பில்டர் 100 வீட்டுக்கும் சேர்த்து ஒரே நிலையமாகக் கட்டிவிடுவார். முதல் வருடம் 30 வீட்டில்தான் ஆள் வந்திருக்கும். தொட்டிக்குள் கழிவைத் தின்று வாழும் நுண்ணுயிர்களுக்குச் சாப்பாடு போதாமல் அவை செத்துப் போகும். தண்ணீர் நாறும், ஃப்ளஷ்ஷில் மஞ்சளாக வரும். குடியிருப்பவர்கள் சண்டை போட்டு அந்தக் குழாயையே மூடிவிட்டு, நல்ல தண்ணீருக்கு மாற்றிவிடுவார்கள். அத்தனை முதலீடும் தரைக்குக் கீழே பூட்டிக் கிடக்கும். நிலையத்தை இரண்டு மூன்று பகுதியாகப் பிரித்து, ஆள் வர வர ஒவ்வொன்றாக ஓடவிடுவது இதற்குத் தீர்வு. பில்டர் ஏற்கெனவே ஒப்படைத்த வேறு குடியிருப்புக்குப் போய், 'ஃப்ளஷ்ஷில் இப்போது எந்தத் தண்ணீர் வருகிறது?' என்று செக்யூரிட்டியிடமோ பிளம்பரிடமோ கேளுங்கள். எந்தச் சான்றிதழையும்விட அந்தப் பதில் நம்பகமானது.

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம் என்பதால், அதைத் தனிச் சிறப்பாகச் சொல்வதில் பொருளில்லை. எப்படிச் செய்திருக்கிறார்கள் என்பதே முக்கியம். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. 1,000 சதுர அடி மொட்டை மாடியில் விழுவது 1,30,000 லிட்டர். வீணாவது போகக் கையில் பிடிக்கக்கூடியது ஒரு லட்சம். கூரை நீரை முதலில் சம்ப்பில் பிடித்துப் பயன்படுத்தி, வழிவதை மட்டும் கிணற்றில் இறக்க வேண்டும். பல திட்டங்களில் மனையின் ஓரம் வரை பேஸ்மென்ட் தோண்டிவிடுகிறார்கள். தோட்டம்போலத் தெரிவது கான்கிரீட் கூரையின் மேல் கொட்டிய இரண்டடி மண். நீர் எங்கே இறங்கும்? திருவான்மியூர் மணலில் ஒரு சாதாரணக் குழி போதும். வேளச்சேரி பக்கக் களிமண்ணில், களியைத் தாண்டிப் போகும் கிணறு இல்லாவிட்டால் அந்தக் குழி கொசு வளர்க்கும் தொட்டியாகத்தான் இருக்கும்.

பொருட்களில் பெரிய புள்ளி சிமென்ட். உலகின் கரியமில வாயு வெளியீட்டில் 7, 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த பிபிசி சிமென்ட், எஃகு ஆலைக் கசடு கலந்த பிஎஸ்சி சிமென்ட் இரண்டும் இந்தக் கணக்கைக் குறைக்கின்றன. கடற்கரை ஊரில் உப்புக் காற்றிலிருந்து கம்பியைக் காப்பதிலும் இவை தேர்ந்தவை. எண்ணூர், மேட்டூர், தூத்துக்குடி என்று சாம்பல் நமக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. இவை இறுக இரண்டு நாள் கூடுதலாக ஆகும் என்பதுதான் தடை. வாரத்துக்கு ஒரு தளம் ஏற்றும் மிவான் அட்டவணையில் அந்த இரண்டு நாளுக்கு யாரும் மனம் இசைவதில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் மனை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-இல் ராம்சர் தளமாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. அதற்குள் அதன் பெரும்பகுதியைச் சாலையும் குப்பைக் கிடங்கும் கட்டடங்களும் எடுத்துக் கொண்டுவிட்டன. 2015 டிசம்பரில் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்ததை அந்தப் பகுதிக்காரர்கள் கண்ணால் பார்த்தார்கள். ஏரியின் வாய்க்காலை அடைத்துக் கட்டிய வளாகத்தில் எத்தனை ஐந்து நட்சத்திர மின்விசிறி மாட்டினாலும் அதைப் பசுமை என்று என்னால் சொல்ல முடியாது. நீங்கள் பார்க்கும் திட்டத்தில் ஏரி அவ்வளவு அருகில் தெரிகிறது என்கிறீர்கள். புல எண்ணை வைத்துப் பழைய நில அளவை வரைபடத்தில் அது என்ன வகை நிலம், வாய்க்கால் எங்கே போகிறது என்று வக்கீல் மூலம் பார்த்துவிடுங்கள். வில்லங்கச் சான்றிதழ் அளவுக்கு முக்கியம் அது.

சான்றிதழ் பற்றி இரண்டு வார்த்தை. ஐஜிபிசி, கிரிஹா, எட்ஜ் என்று மூன்று பசுமைச் சான்று முறைகள் இங்கே வழக்கத்தில் உள்ளன. மூன்றும் ஒழுங்கானவை. ஐஜிபிசியில் வரைபடத்தை வைத்துத் தருவது முன்சான்று. கட்டி முடித்தபின் சோதித்துத் தருவது இறுதிச் சான்று. விளம்பரத்தில் பிளாட்டினம் என்று வருவது பெரும்பாலும் முன்சான்று. இறுதிச் சான்று பெற்றுத் தருவதாக விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். பிரசுரத்தையும் பத்திரமாக வையுங்கள்: ரெரா சட்டத்தின் 12-ஆம் பிரிவு, விளம்பரத்தில் சொன்னது பொய்யானால் இழப்பீடு கேட்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது.

உங்கள் இரண்டு வீடுகளில் நான்காம் மாடி வீட்டை வாங்குங்கள். நீங்கள் அனுப்பிய விவரப்படி கட்டடம் மிவான். மேற்கு மூலை வீட்டில் கான்கிரீட் சுவரும் முழுக் கண்ணாடியும் சேர்ந்து மாலை வெயிலை வாங்கும். ஏரியை ரசிக்க வேண்டிய நேரத்தில் திரையை இழுத்து மூடி ஏ.சி. போட்டுக் கொண்டிருப்பீர்கள். வடக்கு தெற்கு வீட்டில் சன்ஷேடு தன் வேலையைச் செய்யும், காற்று குறுக்கே போகும். பணம் கட்டுவதற்கு முன் மூன்று விஷயம் பேசுங்கள். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் ஸ்லைடிங்குக்குப் பதில் திறக்கும் சன்னல் வைத்துத் தர முடியுமா என்று கேளுங்கள். இந்தக் கட்டத்தில் முடியும். ஏ.சி.யின் வெளி யூனிட்டுகள் எங்கே உட்காரப் போகின்றன என்று வரைபடத்தில் பாருங்கள். குறுகலான ஷாஃப்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால், கீழ் வீட்டின் சூடான காற்றையே மேல் வீட்டின் யூனிட் இழுத்துக் கொண்டு திணறும்; திறந்த வெளியில் லெட்ஜ் கேளுங்கள். ஃபேன் பில்டர் தருவதாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் உள்ள 30 வாட் பிஎல்டிசி ஃபேன் நீங்களே வாங்குங்கள். சாதாரண ஃபேன் 75 வாட். நான்கு ஃபேன் தினமும் 12 மணி நேரம் ஓடினால் மாதம் 60 யூனிட்டுக்கு மேல் மிச்சம். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் வேறு கட்டண அட்டவணைக்குள் போய்விடுவோம் என்பதால், உங்களைப் போன்ற நடுத்தரக் குடும்பத்துக்கு அந்த 120 யூனிட் பெரிய வித்தியாசம்.

இன்னொரு முறை சைட்டுக்குப் போகும்போது காலையில் போகாதீர்கள். மாலை நாலரைக்குப் போய், இரண்டு வீட்டிலும் பத்து நிமிஷம் சும்மா நின்று பாருங்கள்.